இலச்சினையின் விலை: கருவூர் மோதிரங்களும் கொடுமணல் ஓடுகளும்

1

பழம்பொருள் சேகரிப்பு என்று பேச்செடுத்தால் நம் வட்டங்களில் இரண்டு குரல்கள்தான் கேட்கும். 'சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் எல்லாம் நகைப் பட்டறையில் உருகிப் போயிருக்கும்' என்கிற நன்றிக் குரல் ஒன்று. 'வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, இதில் நமக்கென்ன' என்கிற அலட்சியக் குரல் இன்னொன்று. இரண்டுமே ஒரு கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. ஒரு பொருளுக்கு மதிப்பு வைப்பது யார், எதைக் கொண்டு வைக்கிறார்கள், அப்படி வைக்கும்போது எது கணக்கிலிருந்து கழன்று போகிறது? இந்தக் கேள்வியைக் கொங்குப் பகுதியின் இரண்டு நதிகளை முன்வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஒன்று அமராவதி, மற்றது நொய்யல்.

கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து, குறிப்பாக 1980களுக்குப் பிறகு, பழங்காசுகளும் மோதிரங்களும் முத்திரைகளும் தொடர்ந்து வெளிவந்தன. தோண்டி எடுத்தவர்கள் தொல்லியலாளர்கள் அல்லர். மணல் சலித்துப் பொன் துகள் தேடுபவர்கள், ஆற்று மணலை நம்பிப் பிழைப்பவர்கள். அவர்கள் கையிலிருந்து பாத்திரக் கடைக்கு, அங்கிருந்து வியாபாரிக்கு, வியாபாரியிடமிருந்து சேகரிப்பாளருக்கு, சேகரிப்பாளரிடமிருந்து ஆய்வாளரின் கட்டுரைக்கு என்று ஒரு பயணம். 'மாக்கோதை' என்று தலைக்கு மேல் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசு, 'கொல்லிப்புறை', 'கொல்லிரும்பொறை' என்று பெயர் தாங்கிய காசுகள், 'குறவன்', 'தித்தன்' போன்ற தமிழ்ப் பிராமிப் பெயர் வெட்டிய மோதிரங்கள் எல்லாம் இப்படித்தான் நமக்குத் தெரிய வந்தன. ஆணும் பெண்ணுமாக இரண்டு உருவம் செதுக்கிய தங்க முத்திரை மோதிரமும் கரூர்தான்.

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சங்க இலக்கியத்தை நாங்கள் படித்த விதத்தில் சேரன் என்பவன் ஒரு பாட்டுடைத் தலைவன், அவ்வளவுதான். அவனுக்குக் காசு அடிக்கும் சாலை இருந்தது, அவனது ஊரில் வணிகன் விரலில் முத்திரை மோதிரம் இருந்தது, சரக்குப் பொதியின் முடிச்சில் களிமண்ணை அப்பி அந்த மோதிரத்தை அழுத்தினால்தான் பொதி நகரும் என்பதையெல்லாம் எந்த உரையாசிரியரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த வகையில் கரூர் மோதிரங்கள் ஒரு பிரதியைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தவை.

2

முத்திரை என்பது முதலில் என்ன? அலங்காரம் இல்லை. 'இது என்னுடையது, நான் பார்த்துவிட்டேன், இனி யாரும் அவிழ்க்கக் கூடாது' என்று மூன்று கட்டளைகளை ஒரே அழுத்தத்தில் சொல்லும் கருவி. உடைமை, சாட்சி, தடை. நம் மொழியில் இதற்கு இலச்சினை, பொறி, கணையாழி, முத்திரை என்று நாலைந்து சொற்கள் இருப்பதே இந்தக் காரியம் எவ்வளவு புழங்கியது என்பதற்கு அடையாளம். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பொதிகள் மேல் சோழனின் புலிச் சின்னத்தைப் பொறித்த சேதியைப் பட்டினப்பாலை சொல்கிறது. பொதிகளின் மேல் கண்ணெழுத்து இடும் வழக்கத்தைச் சிலப்பதிகாரம் சொல்கிறது.

இதன் மறுமுனையைக் காட்டுகிற ஓர் ஆவணம் வியன்னாவில் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் தாள், முசிறி ஒப்பந்தம் என்று அறியப்படுவது. 1985-இல் வெளியிடப்பட்டது. முசிறியிலிருந்து 'ஹெர்மபொல்லான்' என்ற கப்பல் ஏற்றிச் சென்ற சரக்குகளின் கணக்கு ஒருபக்கம், கடன் ஒப்பந்தம் மறுபக்கம். செங்கடல் கரையில் இறங்கிய சரக்கு பாலைவனம் தாண்டி நைல் வழியாக அலெக்சாந்திரியாவின் கிடங்குக்குப் போய்ச் சேரும் வரைக்கும், கால் பங்கு வரி கட்டும் இடம் வரைக்கும், அது கடன் கொடுத்தவரின் அல்லது அவரது முகவரின் முத்திரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள நிபந்தனை. அதாவது சரக்கை விளைவித்தவன் கையிலும் அது இல்லை, சுமந்தவன் கையிலும் இல்லை. யார் முத்திரையோ அவர் கையில் இருக்கிறது. மூலதனத்தின் வரலாற்றில் முத்திரையின் இடம் இதுதான். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்குக் கிளம்பும் கண்டெய்னரின் கதவில் போடும் சீலும் அதே மூன்று கட்டளைகளைத்தான் சொல்கிறது. சீல் உடைந்திருந்தால் சரக்கு சந்தேகத்துக்குரியது. சீல் சரியாக இருந்தால், உள்ளே இருப்பதைத் தைத்தவர்கள் யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

இப்போது சேகரிப்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். பொதியிலிருந்து, களிமண்ணிலிருந்து, விரலிலிருந்து முத்திரையைப் பிரித்து ஒரு வெல்வெட் பெட்டியில் வைக்கிறது. அதன் மூன்று கட்டளைகளும் ஊமையாகிவிடுகின்றன. வால்டர் பெஞ்சமின் தன் நூலகப் பெட்டிகளைப் பிரித்ததைப் பற்றி 1931-இல் எழுதிய கட்டுரையில், சேகரிப்பாளன் பொருளைப் பயன்பாட்டின் தளையிலிருந்து விடுவிக்கிறான் என்ற கோணத்தில் ஒரு காதலோடு பேசுகிறார். ஆனால் 1937-இல் எடுவர்ட் ஃபூக்ஸ் பற்றி எழுதும்போது, பண்பாட்டுப் பொருள்களின் பின்னாலுள்ள பெயரற்ற உழைப்பின் கணக்கையும் அவரே எடுத்து வைக்கிறார். இரண்டு பெஞ்சமின்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் முதலாமவரோடு நின்றுவிடுகிறார்கள்.

3

மதிப்பீடு என்ற கலையை மிக நுணுக்கமாக வளர்த்தவர்கள் சீனர்கள். பழைய முத்திரைகளைச் சேகரிப்பதும், அவற்றின் சிவப்புப் பதிவுகளைத் தாளில் ஒற்றித் தொகுப்பு நூல்களாக ஆக்குவதும் அங்கே சில நூற்றாண்டுகளாகப் படித்த வர்க்கத்தின் பண்பாடு. 1904-இல் ஹாங்ஜோ நகரில் ஷிலிங் முத்திரைக் கழகம் தொடங்கப்பட்டது. கல்லா, ஜேடா, வெண்கலமா. கைப்பிடியில் உள்ள விலங்கு எது. எழுத்தின் வெட்டு எந்தக் காலத்து உளி. ஓரங்களின் தேய்மானம் உண்மையிலேயே புழங்கித் தேய்ந்ததா. பள்ளங்களில் சிவப்புப் பசையின் மிச்சம் எப்படிப் படிந்திருக்கிறது என்று வரிசையாகப் பார்ப்பார்கள். கடைசியில் பழைய பதிவுத் தொகுப்பில் உள்ள அச்சோடு ஒட்டிப் பார்ப்பார்கள். சியென்லுங் பேரரசரின் முத்திரைகளுக்கு அரண்மனையிலேயே பதிவேடு உண்டு. 2016 டிசம்பரில் பாரிஸ் ஏலத்தில் அவரது முத்திரை ஒன்று சுமார் 2 கோடியே 10 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. ஒரு சிவப்புக் கல்லுக்கு அந்த விலை வந்ததன் பின்னால் அந்தப் பதிவேடு இருக்கிறது. அது எந்தச் சூழலில் சீனாவை விட்டு வெளியேறியது என்ற கேள்விக்கு மட்டும் ஏலக் கூடத்தில் விலை இல்லை.

ஆனால் சீன முத்திரைகளின் வரலாறே நமக்கு வேறொரு பாடத்தையும் தருகிறது. 1784-இல் ஜப்பானின் ஷிகானோஷிமா தீவில் வயல் வாய்க்காலைச் சீர்செய்துகொண்டிருந்த ஒரு விவசாயிக்குச் சதுரமான சின்னத் தங்க முத்திரை கிடைத்தது. பக்கம் சுமார் 2.3 செ.மீ., எடை சுமார் 108 கிராம், பிடியாக ஒரு பாம்பு. கி.பி. 57-இல் ஹான் பேரரசர் ஜப்பானின் 'நா' நாட்டு மன்னனுக்கு முத்திரை வழங்கியதாகச் சீன வரலாற்று நூலில் குறிப்பு இருப்பதால், இதுதான் அது என்றார்கள். போலி என்றும் நெடுங்காலம் வாதிட்டார்கள். கிடைத்த இடத்தின் மண்ணடுக்குப் பதிவாகவில்லையே, எப்படி நம்புவது? முத்திரையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்தச் சண்டை தீர்ந்திருக்காது. அதற்கு வலு சேர்த்தவை வேறு இடங்களில் முறையாக அகழ்ந்தெடுத்தவை. 1956-இல் யுனான் பகுதியின் ஒரு கல்லறையில் தியென் மன்னனின் தங்க முத்திரை கிடைத்தது. அதிலும் பாம்புப் பிடி. 1983-இல் குவாங்ஜோ நகரில் நான்யூ மன்னன் ஒருவனின் கல்லறை திறக்கப்பட்டபோது தங்க முத்திரை அவன் உடலோடே கிடந்தது. கல்லறை யாருடையது என்பதை அந்த முத்திரையே சொல்லிவிட்டது. மண்ணில் கிடந்தபடி கிடைத்த முத்திரை தானும் பேசுகிறது, அநாதையாகக் கிடைத்த முத்திரைக்குச் சாட்சியும் சொல்கிறது. அநாதை முத்திரையால் இதைத் திருப்பிச் செய்ய முடியாது.

இன்னொன்று. சீனத்தில் முத்திரை அழுத்திய களிமண் கட்டிகள் 19ஆம் நூற்றாண்டில் மண்ணிலிருந்து வந்தபோது, முத்திரை வார்ப்பதற்கான அச்சு என்றே சேகரிப்பாளர்களில் சிலர் முதலில் நினைத்தார்கள். முத்திரையையே ஆயுள் முழுக்க ரசித்தவர்களுக்கு அது செய்த வேலையின் தடம் கண்ணெதிரே வந்தபோது அடையாளம் தெரியவில்லை. பொருளின் மேல் உள்ள மோகம் அதன் காரியத்தை எப்படி மறைக்கும் என்பதற்கு மார்க்ஸிடம் போய்த்தான் உதாரணம் கேட்க வேண்டும் என்பதில்லை.

4

திரும்ப ஊருக்கு வருவோம்.

நொய்யல் கரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் (67) அரிசில் கிழாரும் (74) நகைக்கும் கலத்துக்கும் பேர் போன ஊராகச் சொல்லும் 'கொடுமணம்' இதுதான் என்பது ஆய்வாளர்கள் முடிவு. 1985 தொடங்கித் தமிழ்ப் பல்கலைக்கழகமும், 2012-13இல் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகமும், 2020-இல் மாநிலத் தொல்லியல் துறையும் இங்கே தோண்டின. பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம், அகேட், பளிங்கு மணிகள் செய்யும் பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், சங்கு அறுத்த இடங்கள் எல்லாம் வந்தன. பக்கத்தில் காங்கயம் பகுதிப் படியூரில் பச்சைக்கல் எடுக்கும் சுரங்கம் இருந்தது. 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அதைத் தோண்டி 2,196 கற்களை எடுத்தார். மதிப்பு 1,201 பவுண்டு என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பச்சைக்கல் அதிகமும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது என்று எழுதிய ரோமானியர் பிளினி, பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிப் பச்சைக்கல் செய்வதிலும் இந்தியர்கள் கெட்டிக்காரர்கள் என்று சேர்த்தே எழுதினார். போலியும் மதிப்பீடும் கூடப் பிறந்தவை என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, சாயமேற்றும் தொழிலில் இந்த மண்ணுக்கு நீண்ட பாரம்பரியம்தான்!

கல்லுக்கு ஈடாக வந்த ரோமானிய வெள்ளியும் இங்கேதான் கிடந்தது. கத்தாங்கண்ணியில் 1913-இல் 233 காசுகள். உடுமலைப்பேட்டைப் பகுதி பூதிநத்தத்தில் 1946-இல் 1,398 காசுகள். கோவை வெள்ளலூரில் 1842-இல் 522 காசுகள். எண்கள் துல்லியமாக இருக்கின்றன. ஆனால் எந்தப் பானையில், எந்த அடுக்கில், பக்கத்தில் என்னென்ன கிடந்தன என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. எண்ணியவர்களுக்குக் காசு வேண்டியிருந்தது, மண் வேண்டியிருக்கவில்லை.

கொடுமணலின் உண்மையான செல்வம் எது? நீலக்கல் பதித்த வெண்கலப் புலி அழகானதுதான், படத்தில் எல்லோரும் போடுகிறார்கள். ஆனால் தமிழக வரலாற்றைப் புரட்டியது அதுவல்ல. பெயர் கீறிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட பானை ஓடுகள். ஆதன், சாத்தன், கண்ணன் என்று யார் யாரோ தங்கள் சோற்றுப் பானையில் கீறி வைத்த பெயர்கள். நடுவே வடபுலச் சாயலுள்ள பெயர்கள். வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல். எழுத்து அரண்மனைக்கும் பள்ளிக்கும் மட்டும் உரியதாக இருந்தது என்ற பழைய கதையாடல் இந்த ஓடுகளின் முன்னால் நிற்க முடியாமல் போயிற்று. கி.மு. ஐந்து, நான்காம் நூற்றாண்டுகள் வரை காலக்கணக்கு பின்னே போனதும் ஓடு கிடந்த அடுக்கின் கரித்துண்டால்தான். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் 'வயிர' என்று கீறிய தாங்கியோடு ஒரே ஈமக்குழியில் கிடந்த நெல், கி.மு. 490 என்ற காலத்தைக் கொடுத்தது. அதன் மேல் விவாதம் உண்டு. ஆனால் விவாதிக்க ஒரு நெல்மணியாவது இருக்கிறது. கரூர் மோதிரத்தோடு நெல் வரவில்லை. அதை வைத்து எழுத்தின் வடிவத்தை மட்டுமே கொண்டு காலம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஓடுகள் எப்படிப் பிழைத்தன? விலை இல்லாததால் பிழைத்தன. உடைந்த பானையை எந்த வியாபாரி வாங்குவான்? எந்தத் தட்டான் உருக்குவான்? சந்தை கண்டுகொள்ளாத பொருள் மண்ணிலேயே கிடந்தது. கிடந்ததால் வரலாறு ஆயிற்று. சந்தை கண்டுகொண்ட பொருளான மோதிரமோ, தன் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு ஊர் பேர் தெரியாமல் வந்து சேர்ந்தது. தங்கத்தில் பெயர் வெட்டியவன் இன்று தன் விலாசத்தைத் தொலைத்து நிற்க, ஓட்டில் பெயர் கீறியவன் வீடு, தெரு, தொழில் சகிதமாக நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறான். வரலாற்றின் இந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

5

சேகரிப்பாளர்கள் மேல் இது ஒரு குற்றப் பத்திரிகை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1984-இல் இரா. கிருஷ்ணமூர்த்தி கையில் 'பெருவழுதி' காசு வந்து சேராமல் இருந்திருந்தால் சங்கப் பாண்டியர் காசில் தமிழ் எழுத்து உண்டா என்ற பேச்சு இன்னும் எத்தனை காலம் இழுத்திருக்குமோ. அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. படத்தோடு, எடையோடு, அளவோடு பதிப்பித்தார். 1997-இல் வந்த அவரது நூல் இன்றும் அடிப்படை. ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட பெருநூலில் கல்வெட்டுக்களின் எழுத்து வளர்ச்சியை ஒழுங்குபடுத்திக் காட்டியதால்தான், காசிலும் மோதிரத்திலும் உள்ள எழுத்துக்கு ஏதோ ஒரு காலமாவது சொல்ல முடிகிறது. ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட்டும், 1888-இல் திருநெல்வேலிக் காசுகள் பற்றி எழுதிய பாதிரியார் லோவெந்தாலும் இல்லையென்றால் இத்துறைக்கு இங்கே தொடக்கமே இல்லை. இதெல்லாம் சரி.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். புகழூர் ஆறுநாட்டார் மலைக் குகையில் ஒரு கருவூர்ப் பொன் வாணிகன் தன் கொடையைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அழகர்மலைக் குகையில் அறுவை வணிகன், அதாவது துணி வியாபாரி, பெயர் இருக்கிறது. கல்லை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. எனவே அந்தப் பெயர்களுக்கு இடம் உண்டு, மலை உண்டு, பக்கத்தில் சேர மன்னர்களின் மூன்று தலைமுறை உண்டு. அதே கருவூரின் மோதிரத்தில் உள்ள பெயருக்கு எழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. எழுத்து மட்டும்தான் சாட்சி என்கிறபோது எழுத்தைத் தெரிந்தவன் எவனும் சாட்சியைத் தயாரித்துவிடலாம். நூலில் எந்த அட்டவணையை ஆய்வாளன் பார்க்கிறானோ அதே அட்டவணையைப் போலி செய்பவனும் பார்க்கிறான். பொறிப்பு இடவலம் மாறி இருந்தால்தான் அது அழுத்தும் முத்திரை, நேராக இருந்தால் வெறும் அணிகலன் என்கிற விதி நிபுணனுக்குத் தெரியும். அது அச்சில் வந்த மறுநாள் மற்றவனுக்கும் தெரியும். அறிவு வளர வளரப் போலியும் வளரும் துறை இது. போலியால் தயாரிக்க முடியாத ஒன்றே ஒன்று, பொருள் கிடந்த மண்ணடுக்கு.

தமிழில் மதிப்பீடு பற்றிய மிகப் பெரிய கதை சிலப்பதிகாரம் என்று நான் நினைக்கிறேன். கற்பு, ஊழ், அரசியல் பிழை என்று எத்தனையோ வாசித்துவிட்டோம். அடிப்படையில் அது ஒரு பொருளின் மூலாதாரம் பற்றிய வழக்கு. வெளியூர்க்காரன் ஒருவன் சிலம்பைக் கொண்டுவருகிறான். அது தன்னுடையது என்பதற்கு அவனிடம் ஆவணம் இல்லை. மதிப்புச் சொல்ல வேண்டிய பொற்கொல்லனே திருடன். அரசன் மதிப்பீட்டாளன் சொல்லை நம்புகிறான். கடைசியில் உண்மை எப்படி வெளிப்படுகிறது? வெளித்தோற்றத்தை ஒப்பிட்டு அல்ல. சிலம்பை உடைத்து, உள்ளே முத்தா மாணிக்கமா என்று பார்த்து. அதற்குள் கோவலன் தலை போய்விட்டது. பொருளைப் பார்த்து மதிப்பிடுபவனுக்கும், அது யாருடையது என்று தீர்ப்பளிப்பவனுக்கும் நடுவே சாட்சி இல்லாதபோது வெட்டுப்படுவது பொருளைக் கையில் கொண்டுவந்தவன்தான்.

இன்றும் அதுதான் நடக்கிறது. மணல் சலிப்பவனிடம் கேட்கப்படும் கேள்வி, 'என்ன எடை வரும்?' என்பது. கிராம் கணக்கு. அடுத்த கையில் அது எழுத்துக் கணக்கு. எத்தனை எழுத்து, படிக்க வருகிறதா என்று. அதற்கடுத்த கையில் அபூர்வக் கணக்கு. இதுபோல் வேறு உண்டா என்று. ஒவ்வொரு கைக்கும் விலை பெருகும். முதல் கைக்கு மட்டும் உலோகத்தின் விலை. இது ஏதோ வியாபாரியின் பேராசை என்று நினைத்துவிடாதீர்கள். சட்டமே அப்படித்தான் சிந்தித்தது. 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டத்தில், கண்டெடுத்த பொருளை அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் தரவேண்டியது அதன் உலோகம் முதலான மூலப்பொருளின் மதிப்பும், கூட அதில் ஐந்தில் ஒரு பங்கும். பத்து ரூபாய்க்கு மேற்பட்டதைக் கண்டெடுத்துவிட்டு கலெக்டருக்குத் தெரிவிக்காவிட்டால் தண்டனை. அப்புறம் எவன் போய்ச் சொல்வான்? 1972-இல் இயற்றி 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டம் வியாபாரிக்கு உரிமம் என்றது, தனியார் ஏற்றுமதிக்குத் தடை என்றது. கண்டெடுப்பவனை அறிவுள்ள ஒரு மனிதனாக அது பார்க்கவே இல்லை. அவனுக்குத் தெரிந்ததோ ஏராளம். ஆற்றின் எந்த வளைவில், எத்தனை அடியில், எந்த நிற மணலுக்குக் கீழே எது வரும் என்பது அவன் கைக்குத் தெரியும். அந்தக் கையின் அறிவு எந்தக் கட்டுரையின் அடிக்குறிப்பிலும் ஏறவில்லை.

6

திருப்பூரில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது வேறொரு காட்சி குறுக்கே வருகிறது. ஏற்றுமதிக்குத் தைத்த பனியனில் குறை இருந்தால் அது செகண்ட்ஸ் ஆகிக் காதர்பேட்டைக்கு வரும். வருமுன் கழுத்து லேபிளை வெட்டிவிடுவார்கள். துணி அதே துணி, தையல் அதே ஓவர்லாக் தையல், கைமடிப் பையன் பிசிறு வெட்டியது அதே கத்தரி. லேபிள் போனது, விலை பாதாளத்துக்குப் போனது. ஆக, மதிப்பு தைத்த கையில் இல்லை, கழுத்தில் ஒட்டிய பெயரில் இருக்கிறது என்பது இந்த ஊரில் பீஸ் ரேட்டுக்கு உட்காரும் எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

பழம்பொருள் சந்தையில் இது தலைகீழ். அங்கே வெட்டி எறியப்படுவது பொருளின் ஊர். கிடைத்த இடம் என்கிற லேபிள் இல்லாத மோதிரம் அங்கே செகண்ட்ஸ் ஆவதில்லை. விலை குறைவதும் இல்லை. இடம் தெரியாமல் இருப்பதே கைமாற வசதி. பனியனுக்கு மூலாதாரச் சான்றிதழ் இல்லாவிட்டால் துறைமுகத்தில் நிறுத்துகிற அதே உலகம், முத்திரைக்கு அதைக் கேட்பதற்குள் நூறு வருடம் ஓடிவிட்டது. இரண்டு சந்தைகளும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்கின்றன. செய்தவனையும் கண்டெடுத்தவனையும் கணக்கிலிருந்து நீக்குகின்றன.

இரண்டு நதிகளுக்கும் நேர்ந்தது நமக்குத் தெரியும். கொடுமணலுக்கு அருகே அதே நொய்யலில் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பதிலாகச் சாயக்கழிவின் தொட்டியாயிற்று. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. கரூரில் அமராவதியும் சாயத்துக்கும் மணல் அள்ளலுக்கும் நடுவே கிடந்து தவித்தது. நாம் எழுதிய துண்டறிக்கைகளில் உப்பின் அளவு இருந்தது, கிணறு இருந்தது, தென்னை இருந்தது, கூலி இருந்தது. எல்லாம் நியாயம். ஆனால் மணல் என்பது வெறும் நீர் வடிகட்டி இல்லை, அது ஒரு ஆவணக் காப்பகம் என்று நாம் எழுதவில்லை. ஒரு லாரி மணல் போகும்போது வீடு கட்டும் சரக்கு மட்டும் போகவில்லை. இரண்டாயிரம் ஆண்டு அடுக்கு ஒன்று குலைந்து போகிறது. அதில் இருந்த மோதிரம் சல்லடையில் தங்கும், மோதிரத்தின் காலம் கான்கிரீட்டுக்குள் போய்விடும்.

என்ன செய்யலாம்? சேகரிப்பைத் தடை செய் என்று கோஷம் போடுவதில் அர்த்தமில்லை; அது தட்டானின் உலைக்குத்தான் லாபம். கண்டெடுத்தவருக்கு உலோகத்தின் விலையும் ஐந்தில் ஒன்றும் என்ற கணக்கை விட்டுவிட்டு, பொருளின் வரலாற்று மதிப்பில் பங்கு தர வேண்டும். அதுவும் இடத்தைக் காட்டினால் கூடுதலாக. அப்போது இடம் என்பது மறைக்க வேண்டிய ரகசியமாக இல்லாமல் விலையுள்ள தகவலாக மாறும். மணல் சலித்த தலைமுறையிடம் போய் உட்கார்ந்து, எந்த வளைவில் என்ன கிடைத்தது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இதற்குத் தொல்லியல் பட்டம் வேண்டாம், ஒரு நோட்டும் ஆற்றின் வரைபடமும் பொறுமையும் போதும். நம் நண்பர்களில் வாய்மொழி வரலாறு பற்றிக் கோட்பாடு பேசுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு இது நல்ல வேலை. சேகரிப்பாளர்கள் தங்கள் பட்டியலில் எடை, உலோகம், எழுத்து என்ற மூன்று பத்திகளோடு நான்காவதாக ஒரு பத்தி சேர்க்கட்டும்: யாரிடமிருந்து, எங்கிருந்து. அது காலியாக இருந்தால் காலியாகவே அச்சிடட்டும். காலிப் பத்தியைப் பார்க்கும் வாசகனுக்கு ஒரு பொருளின் பாதி தொலைந்திருப்பதாவது தெரியும்.

ஆற்றுக்கான போராட்டக் கோரிக்கைகளில் படுகையின் தொல்லியல் ஆய்வும் ஒரு வரியாக ஏற வேண்டும். மணல் குவாரிக்கு அனுமதி கேட்கும் இடத்தில் 'இங்கே தோண்டிப் பார்த்தாயிற்றா?' என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கொடுமணலில் தன் சோற்றுப் பானையில் பெயர் கீறியவன் அந்த உரிமையைத் தந்துவிட்டுத்தான் போயிருக்கிறான். அவனுக்கு முத்திரை மோதிரம் வாங்க வசதி இருந்ததா என்று தெரியாது. ஆனால் 'இது என்னுடையது' என்று எழுதத் தெரிந்திருந்தது.